பெரியப்பாவின் செத்தல் மிளகாயும் அமெரிக்கத் தீர்வையும்

"அவன் செய்யிறது சரிதானே. தன்ர சனத்தின்ர தொழிலை அவன் காப்பாத்துறான்."

2025 சித்திரை வருடப்பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால் பெரியப்பா சொன்னது இது. அவன் என்றது டொனால்ட் ட்ரம்பை. ஏப்ரல் 2ஆம் திகதி இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத இறக்குமதித் தீர்வை என்று அவர் அறிவித்திருந்தார். வானொலியைத் திறந்தால் அதுதான் செய்தி. வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பெரியப்பாவின் சொந்தப் பேத்தி கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். அவள் தைக்கிற உடுப்பில் பெரும்பகுதி போகிற இடம் அமெரிக்கா. அவளுடைய சம்பளத்தில்தான் வீட்டுக் கடன் மாதாமாதம் கட்டுப்படுகிறது. இதெல்லாம் தெரிந்தும், எண்பதைத் தொடப்போகிற ஒரு மனிதர் விசுவமடுவில் தன் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு ட்ரம்ப் சரி என்கிறார். வயதான ஆளின் பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவன். பொருளியலாளர் ரிக்காடோவின் துணி, வைன் உதாரணம், ஒப்பீட்டு நன்மை, காப்பு வரி எல்லாம் எங்கள் பாடத்திட்டத்தில் உண்டு. இரண்டு நாடுகளும் வர்த்தகம் செய்தால் இரண்டுக்கும் நன்மை என்று கணக்கைப் போட்டு முடிப்பது வழக்கம். பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் புள்ளியும் எடுப்பார்கள். பெரியப்பாவுக்குச் சொல்ல அந்தப் பாடத்தில் ஒரு பதிலும் இருக்கவில்லை. நாடு நன்மை அடைகிறது என்ற இடத்தில் அவர் எங்கே நிற்கிறார், பேத்தி எங்கே நிற்கிறாள் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

44 வந்த வழி

முதலில் அந்த 44. வெள்ளை மாளிகையில் ட்ரம்ப் தூக்கிக் காட்டிய அட்டையில் இலங்கை அமெரிக்கப் பொருட்களுக்கு 88 வீதம் அறவிடுகிறது என்றும், அதனால் தாங்கள் பாதியை மட்டும் அறவிடுவதாகவும் இருந்தது. நாங்கள் அமெரிக்கப் பொருட்களுக்கு 88 வீதம் தீர்வை போடவில்லை. அந்த இலக்கம் வந்தது வேறு வழியில். 2024இல் அமெரிக்கா எங்களிடம் வாங்கியது ஏறத்தாழ 3 பில்லியன் டொலருக்கு. எங்களுக்கு விற்றது 37 கோடி டொலருக்குக் கிட்ட. விற்பனையில் அவர்களுக்கு உள்ள பற்றாக்குறையை, வாங்கிய தொகையால் வகுத்தால் 88 வீதம் வரும். அதில் பாதி 44. வகுப்பில் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தேன், கொஞ்ச நேரத்தில் செய்து முடித்துவிட்டார்கள். ஒரு மாணவி, "சேர், அப்ப நாங்கள் நல்லாத் தைச்சு நிறைய வித்தபடியாலைதானே இந்தத் தண்டனை?" என்று கேட்டாள். ஓம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இதே சூத்திரத்தில் லெசோத்தோவுக்கு 50 வீதமும் கம்போடியாவுக்கு 49 வீதமும் வந்தன. அவையும் உடுப்புத் தைத்துப் பிழைக்கிற நாடுகள். அமெரிக்கச் சாமானை நிறைய வாங்க அங்கேயுள்ள சனத்திடம் காசு இல்லை. கணினிச் சேவை, காப்புறுதி, படிப்பு என்று அமெரிக்கா உலகத்துக்கு விற்கிற எதுவும் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ட்ரம்புக்கு முன்னால் எங்கள் உடுப்புகள் வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் போய்க்கொண்டிருந்தன என்று பலர் நினைக்கிறார்கள். பருத்தி ரீசேட்டுக்கு 16.5 வீதம், செயற்கை நூலில் செய்த ரீசேட்டுக்கு 32 வீதம் என்று தீர்வை முன்பே இருந்தது. உடுப்பு விஷயத்தில் அமெரிக்கா ஒருநாளும் கதவை முழுதாகத் திறந்ததில்லை. புதிய தீர்வை இதற்கு மேல் ஏறி உட்கார்ந்தது. அதைத் துறைமுகத்தில் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிற கம்பனிதான். ஆனால் அந்தக் கம்பனி சும்மா இருக்காது. விலையில் ஒரு பங்கை நீ குறை என்று இங்கே தைக்கிறவரிடம் கேட்கும், இல்லையென்றால் ஓடரைக் குறைக்கும். ஓடர் குறைந்தால் முதலில் நிற்பது ஓ.டி. என்கிற மேலதிக நேர வேலை. பெரியப்பாவின் பேத்திக்கு அடிப்படைச் சம்பளத்தில் வீட்டுச் செலவும் ஓ.டி. காசில் கடனும் போகிறது. வெள்ளை மாளிகையில் ஒரு அட்டையைத் தூக்கினால் விசுவமடுவில் எந்தப் பை காலியாகும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

செத்தல் காலம்

பெரியப்பா விசுவமடுவுக்கு வந்தது 1960களின் பிற்பகுதியில், படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில். டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் காட்டை வெட்டிக் காணி கொடுத்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டு வேலைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த பெடியன்கள் கத்தி, மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். நுளம்பு, மலேரியா, யானை, பாம்பு. குளத்துத் தண்ணீரைப் பம்ப் போட்டு மேட்டுக்கு ஏற்றி மிளகாய் நட்டார்கள். பிறகு 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் வந்தது. அந்நியச் செலாவணி இல்லை என்று மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதி இறுக்கப்பட்டது. நாட்டில் குழம்பு வைக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் செத்தல் வடக்கிலிருந்தும் வன்னியிலிருந்தும்தான் போக வேண்டும் என்ற நிலை வந்தது.

அந்தச் சில வருடங்களைப் பற்றிப் பெரியப்பா பேசும்போது அவருடைய குரலே மாறிவிடும். லொறி தோட்ட வாசலுக்கு வந்தது. கொழும்பு நாலாம் குறுக்குத்தெருவில் இருக்கிற கமிஷன் கடைக்காரர் முற்பணத்தோடு ஆள் அனுப்பினார். அவர் உழவு இயந்திரம் வாங்கியது, தங்கைச்சிமார் இரண்டு பேருக்கும் கலியாணம் செய்து வைத்தது, ஊரில் கல்வீடு கட்டியது எல்லாம் செத்தல் காசில். அரசாங்க உத்தியோகக்காரனுக்குப் பெண் கொடுக்கிற யாழ்ப்பாணத்தில் ஒரு மிளகாய்த் தோட்டக்காரனைத் தேடித் தரகர் வந்தார் என்பதை அவர் இன்றைக்கும் பெருமையோடு சொல்வார். எனக்கு அதில் சந்தேகம் எதுவும் இல்லை. அந்தத் தலைமுறை மண்ணில் பட்ட பாட்டுக்கு ஒரு முறையாவது உலகம் நல்ல விலை கொடுத்தது.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன வந்தார். வருடக் கடைசியில் வரவு செலவுத் திட்டத்தோடு பொருளாதாரம் திறக்கப்பட்டது. வெளிநாட்டுச் செத்தலும் பெரிய வெங்காயமும் கப்பலில் வந்து இறங்கின. கொழும்பில் இருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். பாண் வரிசை இல்லை, துணிக்குக் கூப்பன் இல்லை, கடையில் சாமான் இருந்தது. பெரியப்பாவுக்கு விலை விழுந்தது. உழவு இயந்திரத்தை விற்றார். அதன் பிறகு வந்த வருடங்களில் வன்னிக்கு என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. போருக்குக் காரணம் மிளகாய் விலை என்று சொல்ல வரவில்லை. ஆனால் கையில் காசும் தோட்டமும் இருந்த ஒரு இளைஞர் கூட்டத்தின் கையிலிருந்து இரண்டையும் அடுத்தடுத்து பறித்த நாடு, அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே பெரியப்பா ட்ரம்பைப் பார்க்கும்போது அவர் காண்பது சிறிமாவோவை. கப்பலை மறித்துத் தன் நாட்டுத் தோட்டக்காரனைக் காப்பாற்றுகிற ஒரு தலைவரை. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு அவரோடு வாதாட விருப்பம் வரவில்லை. வாதாடியது பேத்திதான்.

முப்பது வீதக் கடிதம் வந்த கிழமை

ஏப்ரல் 9ஆம் திகதி தீர்வை 90 நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. 10 வீதம் மட்டும் நின்றது. ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவுக்கு வெள்ளை மாளிகையிலிருந்து கடிதம் வந்தது. 44 இனி 30 என்றது அது. கொழும்பில் அதை வெற்றி என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அந்தக் கிழமை ஒரு பின்னேரம் நான் பெரியப்பா வீட்டில் இருந்தேன். பேத்தி கம்பனி பஸ்ஸில் வந்து இறங்கினாள், வழக்கத்தைவிட நேரத்தோடு. ஓ.டி. இல்லையாம். இந்தக் கிழமை முழுக்க இல்லை, அடுத்த கிழமை தெரியாது என்று சூப்பவைசர் சொன்னாராம். பெரியப்பா பழைய பல்லவியை எடுத்தார். அமெரிக்கனிலும் பிழை இல்லை, அவனும் தன்ர சனத்தைப் பார்க்கத்தானே வேணும் என்றார். அவள் முகம் கழுவப் போனவள் திரும்பி வந்தாள்.

"அம்மப்பா, உங்கட செத்தலின்ர விலையை விழுத்தினது நானில்லை."

"நீ ஏன் பிள்ளை உன்னை இழுக்கிறாய்? நான் அங்கத்தைய சனத்தைச் சொன்னனான்."

"அங்கத்தைய சனத்தின்ர வேலையைப் பறிச்சதும் நானில்லை. ஆனா வெட்டுறது என்ர ஓ.டி.யை. உங்களுக்குச் செத்தல் நல்ல விலை போன காலம் நல்ல காலம் எண்டு சொல்லுறீங்கள். அந்தக் காலத்திலைதான் அப்பம்மா ஆக்கள் தோட்டத்திலை சாப்பாடில்லாமல் கிடந்து, அட்டனிலை இருந்து இஞ்சை வந்தவை. வந்து உங்கட ஆக்களின்ர காணியிலைதான் மிளகாய் ஆஞ்சவை."

அவளுடைய அப்பாவின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது. 1973, 74இல் தேயிலைத் தோட்டங்களில் பசியால் சனம் செத்தது. மாவும் அரிசியும் பங்கீட்டில் குறைந்தன, வெளியில் வாங்கத் தோட்டத் தொழிலாளியின் கூலி போதவில்லை. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை இருந்தது. அந்தப் பசிக்கு ஓடி வந்த குடும்பங்களும், 1977 கலவரத்துக்குப் பிறகு வந்த குடும்பங்களும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இன்றைக்கு எத்தனையோ கிராமங்களாக இருக்கின்றன. வன்னியில் கமம் செய்த ஒவ்வொருவருக்கும் இது தெரியும். தெரிந்தும் செத்தல் காலத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் பகுதியை நாங்கள் விட்டுவிடுகிறோம். ஒரே இறக்குமதிக் கட்டுப்பாடு, ஒரே வருடங்கள். ஒரு தாத்தாவுக்கு உழவு இயந்திரம் வந்தது. ஒரு பாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் விட்டு ஓடினாள். இரண்டு பேரின் இரத்தமும் ஓடுகிற ஒருத்தி அந்த முற்றத்தில் நின்று கேட்கிறாள்.

பெரியப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. "அது சரி பிள்ளை" என்றார். பிறகு சொன்னதுதான் நான் இதை எழுதக் காரணம்.

"எழுபத்தேழிலை கப்பலை விட்டதைக்கூட நான் பிழை சொல்லமாட்டன். கொழும்பிலையும் சனம் தின்னத்தானே வேணும். ஆனா ஒருத்தனும் வந்து சொல்லேல்லை. இந்தமுறை கண்டு நடாதை, விலை விழப்போகுது எண்டு ஒரு விதானையாவது வந்து சொல்லியிருக்கலாம். இனி நீ என்ன செய்யப்போறாய் எண்டு ஒருத்தன் கேட்டிருக்கலாம். நட்ட பிறகுதான் கப்பல் வந்தது."

"எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள் பேத்தி.

கன்னாபொலிசில் ஒரு ஆலை

இந்த இரண்டு வசனங்களையும் வைத்துக்கொண்டு அமெரிக்காவைத் திரும்பிப் பார்த்தால் அந்த நாட்டின் கோபம் எனக்கு விளங்குகிறது. வட கரோலைனாவில் கன்னாபொலிஸ் என்று ஒரு ஊர். துவாயும் படுக்கை விரிப்பும் நெய்கிற ஆலைக்காகவே உருவான ஊர் அது. 2003 ஜூலை 30ஆம் திகதி பில்லோடெக்ஸ் கம்பனி அந்த ஆலையை மூடியது. நாடு முழுவதும் அந்தக் கம்பனியின் கிளைகளில் ஒரே நாளில் 6,000க்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அதில் பெரும்பகுதி அந்த மாநிலத்தில்தான். சீனா உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தது 2001 டிசம்பரில். அதன் பிறகு இப்படி மூடப்பட்ட ஊர்கள் நிறைய. வேலை போனவர்கள் வேறு ஊருக்குப் போவார்கள், வேறு தொழில் பழகுவார்கள், சில வருடத்தில் எல்லாம் சரியாகும் என்று பொருளியல் புத்தகம் சொன்னது. ஓட்டர், டோர்ன், ஹான்சன் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஊர் ஊராகக் கணக்கெடுத்து 2013இல் எழுதினார்கள்: அப்படிச் சரியாகவில்லை. சீன இறக்குமதி கடுமையாகத் தாக்கிய இடங்களில் வேலையின்மை நீடித்தது, கூலி விழுந்தது, சனம் நினைத்த அளவுக்கு இடம்பெயரவும் இல்லை. ஐம்பது வயதில் ஒரு மனிதனுக்கு வீடும் கடனும் ஊரும் இருக்கும்போது எங்கே போவான்? வன்னியில் இருக்கிற எங்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு திட்டம் இருந்தது. 1962இல் கென்னடி வர்த்தகத்தை விரிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, இறக்குமதியால் வேலை இழக்கிறவர்களுக்குப் பயிற்சியும் உதவித் தொகையும் கொடுப்போம் என்ற வாக்குறுதியையும் அதே சட்டத்தில் எழுதினார். நாடு முழுவதும் இலாபம் அடைந்தால், அதில் ஒரு பங்கை நட்டப்பட்டவர்களுக்குக் கொடுப்பதுதானே நியாயம். ஆனால் அந்தத் திட்டத்துக்கு ஒருபோதும் தேவையான அளவு காசு ஒதுக்கப்படவில்லை. 2022 ஜூலையில் அதன் அனுமதிக் காலம் முடிந்தபோது புதுப்பிக்கவும் இல்லை. மலிவான துவாயை வாங்கியவர்கள் நாடு முழுவதும் இருந்தார்கள். நட்டப்பட்டவர்கள் கன்னாபொலிசில் இருந்தார்கள். முதலாமவர்கள் இரண்டாமவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடன் கொடுபடவில்லை. 2016இல் அந்த ஊர்களின் கோபம் வாக்குப் பெட்டிக்குள் போனது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. பெரியப்பாவின் கோபமும் அதுவும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

ஆனால் 44 வீதம் போட்டால் அந்தக் கடன் அடைபடுமா? கன்னாபொலிஸ் ஆலை இடிக்கப்பட்டு அந்த இடத்தில் ஆராய்ச்சி வளாகம் எழும்பி எத்தனையோ வருடம். கிளிநொச்சியில் தைக்கிற உடுப்பை நிறுத்தினால் அது அங்கே திரும்பிப் போகாது. தீர்வை குறைவாக உள்ள இன்னொரு நாட்டுக்குப் போகும். அமெரிக்காவின் பழைய துணி ஆலைகளைக் காப்பாற்றவென்று 1974இல் கொண்டுவந்த கோட்டா முறையே இதற்குச் சாட்சி. ஹொங்கொங், கொரியா, தாய்வான் போன்ற நாடுகளுக்கு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு போட்டார்கள். அளவு முடிந்த முதலாளிகள் அளவு மிச்சமுள்ள நாடுகளைத் தேடி வந்தார்கள். 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்கு அப்படித்தான் தையல் இயந்திரங்கள் வந்தன. அமெரிக்க ஆலையைக் காக்கப் போட்ட வேலி இலங்கைக்கு ஆடைத் தொழிலைக் கொடுத்தது. 2005 ஜனவரி 1ஆம் திகதி அந்தக் கோட்டா முறை முடிந்தபோது இலங்கையின் தொழிலும் முடிந்துவிடும் என்று சொன்னார்கள். முடியவில்லை. போர் முடிந்த பிறகு வன்னிக்கும் தொழிற்சாலைகள் வந்தன, கணவனையும் காணியையும் இழந்த பெண்கள் இருந்த இடத்துக்கு. அவை கொடுக்கிற கூலி போதாது, இலக்குக் கெடுபிடி கடுமை. அதையும் நான் அறிவேன். ஆனால் நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது கையில் இருக்கிற காசு அதுதான்.

ஐரோப்பிய ஒன்றியமும் ஒருமுறை எங்கள் மேல் கதவைச் சாத்தியது. 2010 ஓகஸ்டில் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகை நிறுத்தப்பட்டது. மனித உரிமை உடன்படிக்கைகளை அரசாங்கம் நடைமுறைப்படுத்தவில்லை என்று காரணம் எழுத்தில் இருந்தது. என்ன செய்தால் திரும்பக் கிடைக்கும் என்பதும் எழுத்தில் இருந்தது. 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. அப்போதும் தொழிலாளி பாதிக்கப்பட்டாள்தான். ஆனால் அதை ஒரு ஒழுங்கு என்று சொல்லலாம். 44, 10, 30, பிறகு ஓகஸ்ட் 7ஆம் திகதியிலிருந்து 20 என்று மாறுகிற இலக்கத்துக்கு எந்த ஒழுங்கும் இல்லை. இப்படியான வழக்கைக் கொண்டுபோக உலக வர்த்தக நிறுவனத்தில் ஒரு மேன்முறையீட்டு அமைப்பு இருந்தது. புதிய நடுவர்களை நியமிக்க அமெரிக்கா விடாததால் அது 2019 டிசம்பரிலிருந்து இயங்கவில்லை.

இங்கே இன்னொரு குரலுக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தீர்வைச் செய்தி வந்தபோது எங்கள் ஆட்கள் சிலர், முக்கியமாக வெளிநாட்டில் இருப்பவர்கள், நல்லதுதான், வன்னி ஒருகாலத்தில் வெளியில் இருந்து ஒன்றும் வராமலே வாழ்ந்ததுதானே, திரும்பத் தற்சார்புக்குப் போவோம் என்றார்கள். போர்க்காலத்தில் அரசாங்கம் வன்னிக்குப் போட்ட பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவன் நான். 1990களில் சவர்க்காரம், பற்றரி, பெற்றோல், சீமெந்து, யூரியா என்று ஒவ்வொன்றாக மறிக்கப்பட்டது. தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில் சைக்கிள் பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டு ஒரு துளி மண்ணெண்ணெயில் படித்தோம். மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தச் சனத்தின் கெட்டித்தனத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கெட்டித்தனத்தோடு கூடவே மருந்தில்லாமல் செத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதை ஒரு பொருளாதாரக் கொள்கையாக யாரும் தூக்கிப் பிடிக்க நான் விடமாட்டேன்.

அரசாங்கமே கதவைச் சாத்தியதையும் பார்த்தோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் விதைத்தாகிவிட்டது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் மஞ்சளித்து நின்றது. மறுபக்கம், 2020இல் உழுந்து இறக்குமதியை நிறுத்தியபோது வவுனியா, கிளிநொச்சிக் கமக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. பெரியப்பாவும் உழுந்து போட்டு நாலு காசு பார்த்தார். அதே உழுந்து கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியதும் தோசை விற்றுப் பிழைக்கிற அடுத்த வீட்டு அக்கா அடுப்பை அணைத்தார். கதவைத் திறக்கிற நாளும் சாத்துகிற நாளும் கமக்காரனுக்கோ தோசைக்கார அக்காவுக்கோ தைக்கிற பிள்ளைக்கோ முன்கூட்டித் தெரிவதில்லை. இது எனக்கு இரண்டாம் பட்சமான குறையாகப் படவில்லை. வர்த்தகக் கொள்கை பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பேச வேண்டிய விஷயம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

2025 ஓகஸ்டில் அது 20 வீதமானது. அப்போது பங்களாதேசுக்கும் வியட்நாமுக்கும் அதே 20, ஆகவே எங்கள் ஓடர் பெரிதாக ஓடிப்போகாது என்றார்கள். பேத்திக்கு ஓ.டி. திரும்பக் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் 44ஐ 20க்கு இறக்க இலங்கையும் அமெரிக்கப் பொருட்களுக்கு இங்கே சலுகை கொடுக்க முன்வர வேண்டியிருந்தது. எந்தப் பொருளுக்கு, எப்போதிலிருந்து, எவ்வளவு என்பதை வன்னியில் விதைக்கிற எவருக்கும் யாரும் வாசித்துக் காட்டவில்லை. பெரியப்பாவுக்கு இது விளங்கிய அன்று, "அப்ப திரும்பவும் நட்ட பிறகுதான் கப்பலோ?" என்றார்.

அவர் அங்கம் வகிக்கிற கமக்காரர் அமைப்புக்காக நான் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பாராளுமன்ற உறுப்பினர்களின் கையில் கொடுப்பதற்கு. அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. நெல், உழுந்து, மிளகாய், வெங்காயம் எதுவானாலும் இறக்குமதியைத் திறப்பதும் தீர்வையை மாற்றுவதும் விதைப்புக்கு முன்பே திகதியோடு அறிவிக்கப்பட வேண்டும். இடையில் மாற்றினால் நட்டத்துக்கு அரசாங்கம் பொறுப்பு. இரண்டாவது, தொழிற்சாலை ஓடர் குறைந்து வேலை போகிற பிள்ளைகளுக்கானது. எங்கள் நாட்டில் வேலை இழந்தோருக்குக் காப்புறுதி இல்லை. சேமலாப நிதியில் கிடக்கிற அவர்களுடைய சொந்தக் காசைக்கூட அந்த நேரத்தில் எடுக்க முடியாது, பெண்ணென்றால் ஐம்பது வயது வர வேண்டும் அல்லது கலியாணம் கட்டி வேலையை விட வேண்டும். ஏற்றுமதியில் வருகிற டொலரில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி அவர்களுக்கு ஆறு மாதச் சம்பளமாவது கொடுக்க ஒரு நிதி வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். கமக்காரர் அமைப்பின் கடிதத்தில் கார்மென்ட்ஸ் பிள்ளைகளின் விஷயம் எதற்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பெரியப்பா எழும்பி, அது இல்லாமல் தான் கையெழுத்து வைக்கப்போவதில்லை என்றார்.